எம்.எஸ்சி நர்சிங் டிசர்டேஷனை எப்படி பிளான் பண்ணி டைமுக்குள்ள முடிக்கிறது?

நீங்க எம்.எஸ்சி நர்சிங் முதல் வருஷம், கம்யூனிட்டி ஹெல்த், டாபிக் இன்னும் முடிவாகல, சீனியர்ஸ் ஆளுக்கொண்ணு சொல்றாங்க, எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியலைன்னு எழுதியிருக்கீங்க. நானும் கம்யூனிட்டி ஹெல்த்தான். முடிச்சு கொஞ்ச வருஷம் ஆச்சு, ஆனா அந்த ரெண்டு வருஷம் இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கு, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

டாபிக் தேடாதீங்க, கேள்வி தேடுங்க. நம்ம லைப்ரரில பழைய தீசிஸ் எடுத்துப் பாருங்க, பாதிக்கு மேல ஒரே மாதிரி இருக்கும், 60 பேரைக் கூப்பிட்டு ப்ரீ டெஸ்ட் வச்சு, ஒரு மணி நேரம் டீச்சிங் ப்ரோகிராம் நடத்தி, ஒரு வாரம் கழிச்சு அதே கொஸ்டினர் கொடுத்து ஸ்கோர் ஏறிடுச்சுன்னு முடிச்சிருப்பாங்க. சொல்லிக்கொடுத்ததையே திரும்பக் கேட்டா ஸ்கோர் ஏறத்தான் செய்யும், அதைக் கண்டுபிடிக்க ரெண்டு வருஷம் எதுக்குன்னு எனக்கு அப்பவே மனசு ஒப்பல. நான் பிஎச்சி (ஆரம்ப சுகாதார நிலையம்) போஸ்டிங்ல இருந்தப்போ மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல (2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சது) தன்னார்வலர் அக்காங்க பிபி, சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய் கொடுக்கிறதைப் பார்த்தேன். மாத்திரை வீடு வரைக்கும் வருது சரி, வாய்க்குள்ள தினம் போகுதா? இதுதான் என் கேள்வி. ஒரே வரி. உங்க கேள்வியை உங்க அம்மாகிட்ட ஒரு வரில சொல்லி அவங்களுக்குப் புரியுதான்னு பாருங்க, புரியலைன்னா அது இன்னும் டாபிக்தான், கேள்வி ஆகல.

அடுத்து சாம்பிள் சைஸ், அதாவது எத்தனை பேர்கிட்ட டேட்டா எடுக்கணும்ங்கிறது. இதை கைடு சொல்ற நம்பர்னு நினைக்காதீங்க, நீங்களே போட்டுப் பாருங்க. நம்ம ஊர்ல எல்லாரும் போடற ஃபார்முலா 4பிக்யூ வகுத்தல் டி ஸ்கொயர். பி-ங்கிறது நாம தேடற விஷயம் நூத்துல எத்தனை பேருக்கு இருக்கும்ங்கிறது, க்யூ-ங்கிறது நூறுல பி போக மிச்சம், டி-ங்கிறது எத்தனை சதவீதம் முன்னபின்ன இருந்தா பரவாயில்லைங்கிறது. பி தெரியலைன்னா 50 வச்சுக்கலாம், அப்போ மேல 4 × 50 × 50, அதாவது 10,000. டி 5 வச்சா 25ஆல வகுத்து 400 பேர், 7 வச்சா 204 பேர், 10 வச்சா 100 பேர். நான் 7 வச்சேன், வீடு பூட்டியிருக்கும், வேண்டாம்பாங்கன்னு 10 சதவீதம் சேர்த்து 225. ஒரு வீட்டுக்கு பிபி பார்த்து கேள்வி கேட்டு முடிக்க 25 நிமிஷம், நடக்கிற நேரத்தையும் சேர்த்தா ஒரு நாளைக்கு 8 வீடுதான் முடியும், 225 பேருக்கு 28, 29 நாள், வாரத்துல மூணு நாள்தான் ஃபீல்டு போக விட்டாங்கன்னா பத்து வாரம். இந்தக் கணக்கை ப்ரொபோசல் எழுதும்போதே போட்டுடுங்க. என் பேட்ச்ல ஒரு பொண்ணு 400னு எழுதிட்டு பாதில வந்து அழுதுச்சு, பாக்கவே கஷ்டமா இருந்துச்சு.

அடுத்தது எத்திக்ஸ் கமிட்டி, ஆளுங்களை வச்சுப் பண்ற ஸ்டடிக்கு அனுமதி கொடுக்கிற குழு. நான் ரெண்டு மாசம் இழந்தது இங்கதான். இங்கிலீஷ் கன்சென்ட் ஃபார்ம் (சம்மதப் படிவம்) வச்சேன், தமிழ்ல இருக்கிறதை அப்புறம் வச்சுக்கலாம்னு விட்டுட்டேன், கமிட்டி திருப்பி அனுப்பிட்டாங்க, அடுத்த மீட்டிங் ரெண்டு மாசம் கழிச்சுதான். அவங்க பண்ணது சரிதான், எழுதப் படிக்கத் தெரியாதவங்ககிட்ட கைநாட்டு வாங்கினா சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருக்கணும்னு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017 வழிகாட்டுதல்லயே இருக்கு, ஃபார்மையே தமிழ்ல காட்டாம அதையெல்லாம் எப்படி நம்புவாங்க. இன்னொண்ணு கேட்டாங்க, பிபி ரொம்ப அதிகமா இருக்கிற ஆளைப் பார்த்தா நீ என்ன பண்ணுவேன்னு. அதுக்கு அப்புறம்தான் 180/110க்கு மேல இருந்தா அன்னைக்கே பிஎச்சிக்கு அனுப்பணும்னு ப்ரோட்டோகால் எழுதினேன், டேட்டா எடுத்த நாட்கள்ல நாலு பேருக்கு அது தேவைப்பட்டுச்சு. நீங்க ஏதாவது இன்டர்வென்ஷன் (சிகிச்சை, பயிற்சி மாதிரி) கொடுக்கிற ஸ்டடி பண்றீங்கன்னா சிடிஆர்ஐ (இந்திய கிளினிக்கல் ட்ரையல் பதிவேடு) ரிஜிஸ்ட்ரேஷனை முதல் ஆளைச் சேர்க்கிறதுக்கு முன்னாடியே முடிச்சிடணும், 2018 ஏப்ரல் 1லேர்ந்து பின்தேதில பதிய விடறதில்லை.

இப்போ முக்கியமானது, டூல், அதாவது டேட்டா எடுக்கிற கொஸ்டினர். ஐந்து எக்ஸ்பர்ட்டுங்க கேள்விங்க சரியா இருக்குன்னு வேலிடிட்டி கையெழுத்து போட்டுட்டாங்க, ரிலையபிலிட்டியும் (பதில் நிலையா வருதாங்கிறது) நல்லா வந்துச்சு, தமிழ் மொழிபெயர்ப்பும் ஆச்சு. "தாங்கள் மருந்துகளைத் தவறாமல் உட்கொள்கிறீர்களா?" இதான் முதல் கேள்வி. பைலட்டுக்கு (முன்னோட்டமா சில பேர்கிட்ட கேட்டுப் பார்க்கிறது) விழுப்புரம் பக்கம் வேற ஒரு கிராமத்துக்குப் போனேன். திண்ணைல உக்காந்திருந்த ஒரு பாட்டிகிட்ட படிச்சேன். "ஆமாங்கண்ணு, தவறாம போடறேன்"னாங்க. நானும் டிக் போட்டேன். அப்புறம் மாத்திரையைக் காட்டுங்க பாட்டின்னு கேட்டதும் அரிசி டின் மேல இருந்த மஞ்சப்பையை எடுத்துட்டு வந்தாங்க. கொடுத்து 20 நாள் ஆச்சு, 30 மாத்திரைல 10தான் மிச்சம் இருக்கணும், எண்ணிப் பார்த்தா 19 இருக்கு. என்ன பாட்டின்னு கேட்டா, "தலை சுத்துற அன்னைக்கெல்லாம் தவறாம போட்டுடறேன்மா"ன்னு சொன்னாங்க. அவங்க பொய் சொல்லல. நான் கேட்ட கேள்விதான் தப்பு. அன்னைக்கு ராத்திரியே உக்காந்து எல்லாத்தையும் மாத்தினேன், "போன ஏழு நாள்ல எத்தனை நாள் மாத்திரை போடல?"ன்னு ஆக்கினேன், மாத்திரை எண்றதையும் டூல்ல சேர்த்தேன், திருத்தின டூலை மறுபடியும் எத்திக்ஸ்ல தெரியப்படுத்தி அப்ரூவல் வாங்கினேன். அதனால கேள்வியை எழுதிட்டு வாய்விட்டுப் படிங்க, உங்க வாய்க்கே ஒட்டலைன்னா அவங்க காதுக்கும் ஒட்டாது. வேற யாரோ செஞ்ச ஸ்கேல் எடுக்கிறீங்கன்னா பர்மிஷன் லெட்டர் வாங்குங்க, மாத்திரை ஒழுங்கா போடறாங்களான்னு அளக்கிற மாரிஸ்கி எட்டு கேள்வி ஸ்கேலுக்கெல்லாம் லைசென்ஸ் வேணும். சோஷியோ எகனாமிக் நிலைக்கு எல்லாரும் குப்புசாமி ஸ்கேல் போடறாங்க, அது டவுனுக்கு உண்டானது, கிராமத்துல பிஜி பிரசாத் ஸ்கேல் போடுங்க, வருமான அளவை இப்போதைய விலைவாசிக்கு மாத்திக்கோங்க.

ஃபீல்டுல பகல்ல போனா ஆம்பளைங்க யாருமே இருக்க மாட்டாங்க. நூறு நாள் வேலை, வயல், கம்பெனி பஸ்ஸுன்னு எல்லாரும் போயிடுவாங்க, வீட்ல இருக்கிறது வயசானவங்களும் உடம்பு முடியாதவங்களும்தான், அவங்களை மட்டும் எடுத்தா ரிசல்ட்டே சாஞ்சிடும். நான் காலைல ஏழு மணிக்கும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேலயும் போனேன், ஆடி மாசம் கூழ் ஊத்துற வாரம் அந்த ஊருக்கே போகல. பிபி எடுக்கும்போது அவசரப்படாதீங்க, அஞ்சு நிமிஷம் சாஞ்சு உக்கார வச்சு, கை நெஞ்சு உயரத்துல இருக்க, ஒரு நிமிஷ இடைவெளில ரெண்டு தடவை எடுங்க. தண்ணிக் குடத்தைத் தூக்கிட்டு வந்த கையோட எடுத்தா அந்த ரீடிங்குக்கு அர்த்தமே இல்லை.

ஸ்டாட்டிஸ்டீஷியனை டேட்டா எடுத்த பிறகு பார்க்கப் போகாதீங்க. டூல் ரெடியானதும் காலி டேபிள் வரைஞ்சு, நம்பர் எதுவும் இல்லாம தலைப்பு மட்டும் போட்டு எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க. அந்த டேபிள்ல எங்கயும் உக்காராத கேள்வி உங்க கொஸ்டினர்ல இருந்தா எடுத்துடுங்க, எனக்கு 46 கேள்வி 29 ஆச்சு. வயசை 41-50ன்னு குரூப்பா எழுதாதீங்க, நம்பராவே எழுதுங்க, குரூப் அப்புறம் பிரிச்சுக்கலாம். பதில் இல்லாத இடத்துல 999னு கோட் போட்டீங்கன்னா ஆவரேஜ் எடுக்கும்போது அதை விலக்கணும், நான் விலக்காம விட்டு ஒரு வாரம் தப்பான டயஸ்டாலிக் சராசரியை வச்சு எழுதிட்டு இருந்தேன். அப்புறம் நம்ம தீசிஸ்ல எல்லாம் வயசு, படிப்பு, மதம், குடும்ப வகைன்னு வரிசையா கை ஸ்கொயர் (ரெண்டு விஷயத்துக்குத் தொடர்பு இருக்கான்னு பார்க்கிற டெஸ்ட்) போடுவோம் பாருங்க, 0.05 வச்சு 20 டெஸ்ட் போட்டா ஒண்ணுமே இல்லாட்டாலும் சராசரியா ஒண்ணு சிக்னிஃபிகன்ட்னு (தொடர்பு இருக்குன்னு) வரும். அதனால எதை எதோட ஒப்பிடப் போறோம்னு முன்னாடியே அஞ்சாறு மட்டும் காரணத்தோட எழுதி வச்சுக்கோங்க.

எழுதுறது பத்தி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மெத்தடாலஜி சாப்டரை டேட்டா எடுக்கிற வாரத்துலயே எழுதிடுங்க, ஆறு மாசம் கழிச்சு எந்தத் தெருவை எப்படி செலக்ட் பண்ணோம்னு ஞாபகம் வராது. ரெஃபரன்ஸ் சேர்த்து வைக்க சோட்டெரோன்னு ஒரு சாஃப்ட்வேர் ஃப்ரீ, முதல் நாள்லேர்ந்தே போடுங்க. 2018 யுஜிசி விதிப்படி மத்தவங்க எழுத்தோட ஒத்துப்போறது 10 சதவீதத்துக்குள்ள இருக்கணும், பழைய தீசிஸ்லேர்ந்து ரிவ்யூவை அப்படியே எடுக்கிற பழக்கம் இருந்தா இப்பவே விட்டுடுங்க. கைடு மேடம் பிசியாதான் இருப்பாங்க, ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு பக்கம் எடுத்துட்டுப் போங்க, வந்ததும் என்ன முடிவாச்சுன்னு மெயில் போட்டுடுங்க.

வைவா முடிஞ்சதும் ரிசல்ட்டை ஒரு பக்கத்துல தமிழ்ல எழுதி அந்த பிஎச்சிக்கு எடுத்துட்டுப் போனேன். விஎச்என் (கிராம சுகாதார செவிலியர்) அக்கா படிச்சுட்டு எந்த ஊர்ல மாத்திரையை அதிகமா விடறாங்கன்னுதான் முதல்ல கேட்டாங்க. அப்புறம் தன்னார்வலருங்களோட நோட்டை வாங்கி, பேனாவும் ஸ்கேலும் எடுத்து ஓரத்துல ஒரு கோடு போட்டு, மேல "மிச்ச மாத்திரை"ன்னு எழுதினாங்க.