பின் அச்சில் அரைக்கும் ஓசை

கேள்வி: ஒன்பது ஆண்டுகளாக ஓடும் என் பின்சக்கர இயக்க வேன், 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் பின்புறம் அரைப்பதுபோல் ஒலிக்கிறது. டிஃபரென்ஷியலை (பின் சக்கரங்களுக்கு விசையைப் பகிர்ந்தளிக்கும் பற்சக்கரப் பெட்டியை) மாற்ற வேண்டுமா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: அவசரப்பட வேண்டாம். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஒருவிதமாகவும் காலை எடுத்ததும் வேறுவிதமாகவும் ஓசை கேட்டால், டிஃபரென்ஷியலின் பற்சக்கரங்களையோ பினியன் எனும் சிறு பற்சக்கரத்தின் பேரிங்கையோ சந்தேகிக்கலாம். வளைவில் திரும்பும்போது கூடிக் குறைந்தால், பெரும்பாலும் செலவு குறைந்த சக்கர பேரிங்கே காரணமாக இருக்கும். பட்டறையில் டிஃபரென்ஷியல் எண்ணெயை வடிக்கச் சொல்லி, அருகில் நின்று பாருங்கள் (வாய்மொழி அறிக்கை போதாது). பசைபோன்ற நுண்துகள் இயல்பானது. உலோகச் செதில்களோ பல்லின் துண்டோ தென்பட்டால் வேனை ஓட்டாதீர்கள். வாகன உரிமைச் சான்றிதழின் (சிங்கப்பூரில் வாகனம் வைத்திருப்பதற்கான COE அனுமதி) 10 ஆண்டு நிறைவு நெருங்குவதால், அதைப் புதுப்பிக்கும் எண்ணம் உண்டா என்பதை முடிவுசெய்த பிறகே பெரிய பழுதுபார்ப்புக்குப் பணம் கட்டுங்கள்.