சுளுக்கா, ஸ்ப்ரெயினா, ஆந்தோர்ஸா?

கேள்வி: நாங்கள் மொரீஷியஸில் காத்ர் போர்ன் பக்கம் இருக்கிறோம். என் மகனுக்கு 17 வயது. மூன்று வாரங்களுக்கு முன் கால்பந்து ஆடும்போது வலது பாதம் உள்பக்கமாக மடங்கிவிட்டது. கூட ஆடிய பையன்கள் ‘ஃபூல்யூர்’ என்றார்கள். அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, முறிவு இல்லை என்று சொல்லி, சீட்டில் ‘ஸ்ப்ரெயின், கிரேடு 2’ என எழுதினார்கள். பிசியோதெரபிஸ்ட் ‘ஆந்தோர்ஸ்’ என்கிறார். தனியாரிடம் எடுத்த எக்கோகிராஃபி (அல்ட்ராசவுண்ட்) அறிக்கையிலோ ‘லிகமெண்ட், ருப்த்யூர் பார்சியெல்’ என்று இருக்கிறது. என் மாமியார் வெறும் சுளுக்கு என்று சொல்லி, மறுநாளே இரட்டைப் பிள்ளை பெற்ற ஓர் அம்மாளிடம் அழைத்துப்போய் எண்ணெய் தேய்த்து நீவச் செய்தார். வீக்கம் கூடிவிட்டது. ஆளுக்கொரு நோய் சொல்கிறார்களே, எதை நம்புவது? இன்னும் ஐந்து வாரத்தில் தைப்பூசம். மகன் காவடி எடுக்கலாமா?

பதில்: அம்மா, எல்லோரும் ஒரே காயத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள், உங்கள் மாமியார் உட்பட. ஆங்கிலத்தில் சீட்டு, பிரெஞ்சில் அறிக்கை, கிரியோலில் பேச்சு, வீட்டில் தமிழ் என்று வாழும் நம் தீவில் ஒரு கணுக்காலுக்கு இத்தனை பெயர் கிடைப்பதில் வியப்பில்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. நம் ‘சுளுக்கு’ என்ற சொல் மிகவும் தாராளமானது. தூங்கி எழுந்ததும் கழுத்தைத் திருப்ப முடியாதவரும், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரும், உங்கள் மகனைப் போலக் கால் மடங்கியவரும் என்னிடம் வந்து சொல்வது ‘சுளுக்கு’தான். முதலாமவருக்குத் தசை இறுகியிருக்கிறது, இரண்டாமவருக்குத் தசை கிழிந்திருக்கிறது, மூன்றாமவருக்கு மூட்டைக் கட்டிவைத்திருக்கும் நார் கிழிந்திருக்கிறது. மூன்றுக்கும் ஒரே எண்ணெய் என்றால் எப்படி?

தமிழ்ப் பாடநூல்கள் லிகமெண்டைத் தசைநார் என்றும் டெண்டனைத் தசைநாண் என்றும் எழுதுகின்றன. படிக்கும் காலத்தில் இந்த இரண்டும் எனக்கு எப்போதும் குழம்பும். பிறகு பிடிபட்டது: பூவைக் கட்டுவது நார், வில்லை வளைப்பது நாண். எலும்பை எலும்போடு கட்டிவைப்பது நார். தசை சுருங்கும்போது எலும்பை இழுப்பது நாண். நார் அளவுக்கு மீறி இழுபட்டால் ஸ்ப்ரெயின், பிரெஞ்சில் ஆந்தோர்ஸ். தசையோ நாணோ இழுபட்டால் ஸ்ட்ரெயின். ஸ்ட்ரெயினில் உள்ள ‘ட்’ டெண்டனின் ‘ட்’ என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தசைக் காயத்துக்குப் பிரெஞ்சுக்காரர்களிடம் படிப்படியாகப் பெயர்கள் உண்டு: லேசாக இழுபட்டால் எலோங்காசியோன், இழைகள் அறுந்தால் கிளாகாஜ், பெரிதாகக் கிழிந்தால் தேஷிரூர். ‘ஃபூல்யூர்’ மருத்துவச் சொல்லே அல்ல, லேசான ஆந்தோர்ஸுக்கு மக்கள் வைத்த பெயர். மைதானத்தில் அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு, சிறு காயம்தான் என்று மறுநாளே ஆடப் போகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது உங்கள் கையில் உள்ள தாள்களுக்கு வருவோம். ‘ருப்த்யூர்’, அதாவது அறுந்தது, என்பதைப் படித்துப் பயந்திருப்பீர்கள். அடுத்த சொல்லையும் சேர்த்துப் படியுங்கள். பார்சியெல் என்றால் பகுதி. கிரேடு 1 என்றால் நார் இழுபட்டு ஓரிரு இழைகள் மட்டும் அறுந்திருக்கும். கிரேடு 2 பகுதி அறுந்தது, கிரேடு 3 முழுதும் அறுந்தது. ஆக, அரசு மருத்துவமனைச் சீட்டும் தனியார் அறிக்கையும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. வெளிக்கணுவின் முன்புறம், ஒரு விரற்கடை கீழே உங்கள் மகனை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். வலிக்கிற இடம் அநேகமாக அதுதான். பாதம் உள்ளே மடங்கும்போது முதலில் அடிபடுவது அங்குள்ள நார்தான்.

முறிவு இல்லை என்பதையும் சும்மா சொல்லிவிடுவதில்லை. கனடாவின் ஒட்டாவாவில் 1992-இல் வகுத்த ஒரு விதி இருக்கிறது. கணு எலும்பின் பின்விளிம்பிலோ நுனியிலோ அழுத்தினால் வலித்தாலும், அடிபட்டவுடனும் மருத்துவமனைக்கு வந்த பிறகும் நான்கு அடி எடுத்துவைக்க முடியாவிட்டாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பாதத்தின் நடுப்பகுதியில் வலித்தால் அதற்கும் தனி விதி உண்டு. அடுத்த முறை மைதானத்தில் யாராவது விழுந்தால், ‘ஃபூல்யூர்’ என்று பெயர் வைப்பதற்கு முன் நான்கு அடி நடக்க முடிகிறதா என்று பாருங்கள்.

மற்றொரு குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், கால்பந்து வீடுகளில் அது கட்டாயம் வரும். முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் முன் லிகமெண்ட் ஆங்கில அறிக்கையில் ஏசிஎல், பிரெஞ்சு அறிக்கையில் எல்சிஏ. எழுத்துகள்தான் இடம் மாறியிருக்கின்றன, உறுப்பு ஒன்றே. இரண்டு அறிக்கைகளையும் வைத்துக்கொண்டு தன் முழங்காலில் இரண்டு லிகமெண்ட் போய்விட்டதென்று அழுத ஒரு பெண்ணைத் தேற்ற எனக்கு அரைமணி நேரம் பிடித்தது. ‘லுக்சாசியோன்’ என்றால் மூட்டு நழுவியது. அதை மைதானத்தில் யாரும் இழுத்துப் பொருத்தக் கூடாது.

நீவியது பற்றி. உங்கள் மாமியார் மீது எனக்குக் கோபமில்லை. இறுகிய கழுத்துக்கு அந்த அம்மாளின் கை நல்ல மருந்து. ஆனால் அறுந்த நாரிலிருந்து இரத்தம் கசிகிற முதல் இரண்டு மூன்று நாட்களில் அழுத்தித் தேய்த்தால் கசிவு கூடும். வீக்கம் அதனால்தான் ஏறியது. அந்த நாட்களில் செய்ய வேண்டியது இறுக்கமில்லாத கட்டும், தலையணைமேல் உயர்த்திய காலும்தான். ஐஸ் வலியைக் குறைக்கும், ஆற்றாது. ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தல் என்ற சூத்திரத்தை 1978-இல் கொடுத்த அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014-இல் மாற்றி எழுதினார். முழு ஓய்வும் நல்லதல்ல. வலி அனுமதிக்கும் அளவுக்குச் சீக்கிரம் நடந்த கால்தான் சீக்கிரம் தேறுகிறது.

இனிக் காவடி. கிரேடு 2 பெரும்பாலும் மூன்றிலிருந்து ஆறு வாரங்களில் நடமாட்டத்துக்குத் தேறிவிடும். நார் பழைய பலத்துக்கு வர மாதங்கள் ஆகும். தைப்பூசத்தன்று எட்டு வாரம் முடிந்திருக்கும், எனவே நம்பிக்கை இருக்கிறது. ஆனால் வெறுங்காலில் தார்ச்சாலை, தோளில் பாரம், கோர் த கார்த் மலைக் கோயில் என்றால் படிகள். படி ஏறுவதைவிட இறங்குவதுதான் கணுக்காலுக்குச் சோதனை. விரதம் தொடங்குமுன் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். வலது காலில் மட்டும், வெறுங்காலில், முப்பது விநாடி ஆடாமல் நிற்கிறானா? அதே காலில் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கும்போது இடது காலுக்குச் சமமாக எண்ணிக்கை வருகிறதா? படியில் வலியில்லாமல் இறங்குகிறானா? இந்த மூன்றும் நடந்தால் பிசியோதெரபிஸ்டிடம் அழைத்துப்போய் ஒட்டுப்பட்டை போட்டுக் காவடி எடுக்கட்டும். ஒன்று தவறினாலும் இந்த ஆண்டு கூடவே நடந்து வரட்டும். நேர்த்திக்கடனாகப் போடும் ஆணிச் செருப்பு மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம். அதில் பாதம் தரையை உணராது, மறுபடி மடங்கும்.

வலியை மறைக்க மாத்திரை போட்டுக்கொண்டு கிளம்புவதும் வேண்டாம். விரத நாட்களில் வெறும் வயிற்றில் இபுப்ரோஃபென் போட்டுவிட்டு வயிற்றெரிச்சலோடு வருபவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். கெண்டைக்கால் வீங்கிச் சூடாக வலித்தாலோ, பாதம் மரத்துப்போனாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள், முதலாவது, காலின் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்ததால் இருக்கலாம்.

அப்படி எதுவும் இல்லையென்றால், மூன்று வாரம் ஆன இந்தக் காலுக்கு மாமியார் இப்போது எண்ணெய் தேய்த்துவிடலாம், மெதுவாக. இழுத்துச் சொடுக்குவது மட்டும் வேண்டாம்.