சூசன்னாவும் சூசையும் ஒன்றா?

வணக்கம். உங்கள் பாட்டியின் பெயரான சூசன்னா, சூசை என்ற பெயரின் பெண்பால் வடிவமா என்றும், மகளுக்கு வைக்க விவிலியத்தில் வேறு பூப்பெயர்கள் உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள்.

இரண்டுக்கும் ஒலி ஒற்றுமை தவிர உறவு கிடையாது. சூசை என்பது யோசேப்பின் தமிழ் வடிவம். அதன் பெண்பாலாக நம் ஊர்களில் வழங்குவது சூசையம்மாள். சூசன்னாவோ, லீலிப்பூவைக் குறிக்கும் 'ஷோஷன்னா' என்ற எபிரேயச் சொல்லிலிருந்து கிரேக்கம் வழியாக வந்தது. உன்னதப்பாட்டு 2:1இல் பழைய தமிழ் வேதாகமம் 'லீலிபுஷ்பம்' என்று குறிப்பது இந்தப் பூவைத்தான்; இன்றைய எபிரேயப் பேச்சில் அதே சொல் ரோஜாவுக்கும் வழங்குகிறது. லூக்கா 8:3இல் இயேசுவுக்கு ஊழியம் செய்த பெண்களுள் ஒருவராகச் சூசன்னாள் வருகிறார்.

மற்றொன்று, அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தில், பேதுருவின் குரலைக் கேட்ட மகிழ்ச்சியில் கதவைத் திறக்கவே மறந்து உள்ளே ஓடும் ரோதை; ரோஜாவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர். கோதையோடு அழகாக இயைந்தாலும், பள்ளியில் பிள்ளைகள் அதை 'ரோதனை' ஆக்கிவிடுவார்கள் என்பதால் ரோடா என்ற வடிவத்தையே பரிந்துரைப்பேன். எஸ்தரின் மறுபெயரான அத்சாள், ஆங்கிலத்தில் 'மிர்ட்டில்' எனப்படும் மிருதுச்செடியைக் குறிப்பது, ஆனால் தமிழ் வாயில் எளிதில் நுழையாது.

பாட்டியின் நினைவும் பூவின் பொருளும் சேர்ந்தே வேண்டுமென்றால், சூசன் என்று சுருக்கி வைப்பதில் தடையேதும் இல்லை.