ஐ.வி.ஏ. கட்டும் காலத்தில் குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

பெற்றுக்கொள்ளலாம். இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் கடன் சுமையில் இருப்பவர், கடன் கொடுத்தவர்களோடு சட்டப்படி செய்துகொள்ளும் ஒப்பந்தம்தான் ஐ.வி.ஏ. கடன் கொடுத்தவர்களில் வாக்களிப்பவர்களின் கடன் மதிப்பில் 75 சதவீதம் ஆதரவு இருந்தால் அது எல்லோரையும் கட்டுப்படுத்தும். பெரும்பாலும் 5 அல்லது 6 ஆண்டுகள் மாதத் தவணை கட்ட வேண்டும். முடிவில், ஒப்பந்தத்தில் சேர்ந்த கடனில் மீதி தள்ளுபடியாகும்.

தவணை என்பது வருமானத்தில் நியாயமான குடும்பச் செலவு போக மிஞ்சுவது. குழந்தை வந்தால் இரண்டுமே மாறும். சட்டப்படியான மகப்பேறு ஊதியம் முதல் 6 வாரம் சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம். அடுத்த 33 வாரம் அதைவிடக் குறையலாம். அப்புறம் பால்மாவு, டயப்பர், வேலைக்குத் திரும்பினால் குழந்தைக் காப்பகக் கட்டணம். இந்தக் கட்டணம்தான் பல வீடுகளில் பெரிய அடி. அதை முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

பள்ளிச் சீருடையில் மடித்துத் தைத்த ஓரம் போலத்தான் இந்த ஒப்பந்தமும்: பிள்ளை வளர்ந்தால் பிரித்துவிடலாம், ஆனால் தையல்காரரிடம் கொடுக்க வேண்டும். இங்கே தையல்காரர், ஒப்பந்தத்தைக் கவனிக்கும் மேற்பார்வையாளர். மகப்பேறு விடுப்புக்கு முன்பே அவரிடம் புது வரவு செலவைக் கொடுங்கள். தவணையைக் குறைக்கவோ, சில மாதம் நிறுத்திவைக்கவோ, காலத்தை நீட்டவோ வழி இருக்கலாம். பெரிய மாற்றத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் வாக்களிக்க வேண்டும். சொல்லாமல் தவணையை நிறுத்தினால் ஒப்பந்தமே முறியலாம்.

குழந்தை பெறக் கடன் கொடுத்தவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி எதுவும் இல்லை, வருமானமும் செலவும் மாறுவதைத் தெரிவித்தால் போதும்.