கோவிந்தா என்று கூப்பிட்டபடி சிவனிடம் ஓடுவது

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்குச் சொந்த ஊர் குலசேகரம் பக்கம், வேலை பெங்களூருவில். குமரி மாவட்டக் கோயில்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். இந்த வருஷம் மகா சிவராத்திரிக்கு மகனைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்திருந்தேன். சிவராத்திரியை ஒட்டிப் பன்னிரண்டு சிவன் கோயில்களை ஓடியே போய்க் கும்பிடும் சிவாலய ஓட்டக்காரர்கள் எங்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் போவார்கள். ராத்திரி தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பையன், "அப்பா, சிவன் கோயிலுக்குத்தானே போறாங்க? அப்புறம் ஏன் கோவிந்தா கோபாலான்னு சொல்றாங்க?" என்று கேட்டான். பீமன் கதை ஒன்று உண்டு என்று தெரியும். கோர்வையாகச் சொல்ல வரவில்லை.

இன்னொரு விஷயம். என் சித்தப்பா பல வருஷம் சாலயம் (சிவாலய ஓட்டத்தை ஊரில் அப்படித்தான் சொல்வோம்) ஓடியவர். என் மச்சான் இந்தத் தடவை காரில் போய் பன்னிரண்டு கோயிலையும் கும்பிட்டுவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். "இது சாலயமா, டூரா?" என்று சித்தப்பா கேட்க, "சாமி ஒண்ணுதானே, எப்படிப் போனா என்ன?" என்று மச்சான் சொல்ல, வீட்டில் பெரிய வாக்குவாதம் ஆகிவிட்டது. எனக்கு முட்டிவலி உண்டு. முழுத் தூரமும் என்னால் முடியாது. அடுத்த வருஷம் மகனைக் கூட்டிப்போக ஆசையாக இருக்கிறது. வண்டியில் போனால் அதற்கு அர்த்தம் உண்டா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், பெங்களூரு)

அன்புள்ள தம்பிக்கு,

மகன் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். சித்தப்பாவுக்கும் மச்சானுக்கும் நடந்த வாக்குவாதத்துக்கும் அந்தக் கதைக்குள்ளேயே பதில் இருக்கிறது.

புருஷாமிருகம் என்று ஒன்று. மனித முகம், மிருக உடல். நம் கோயில் தூண்களில் கொஞ்சம் நின்று தேடினால் கண்ணில் படும், சில சிவன் கோயில்களில் வாகனமாகவும் உண்டு. வியாக்ரபாத முனிவரே அது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். கடுமையான சிவபக்தன். திருமாலின் பெயர் காதில் விழுந்தாலே கோபம் தலைக்கேறிவிடும். தருமர் ராஜசூய யாகம் செய்தபோது அந்தப் புருஷாமிருகத்தின் பால் தேவைப்பட்டது. அதையே யாகத்துக்கு அழைத்து வரவேண்டியிருந்தது என்றும் சொல்வார்கள். கிருஷ்ணன் பீமனைத்தான் அனுப்புகிறான். தன் பலத்தின் மேல் பீமனுக்கு இருந்த கர்வத்தைக் கொஞ்சம் குறைக்கவேண்டும், புருஷாமிருகத்தின் பிடிவாதத்தையும் தளர்த்தவேண்டும். ஒரே வேலையில் இரண்டும் ஆகட்டும் என்று நினைத்திருப்பான். கையில் பன்னிரண்டு ருத்ராட்சங்களைக் கொடுத்து, "ஆபத்து வந்தால் ஒவ்வொன்றாகக் கீழே போடு" என்கிறான்.

முஞ்சிறை அருகே திருமலையில் புருஷாமிருகம் தவத்தில் இருக்கிறது. பீமன் போய் "கோவிந்தா, கோபாலா" என்று கூப்பிடுகிறான். தவம் கலைந்து அது துரத்துகிறது. கழுத்தைப் பிடிக்கப்போகும் நேரத்தில் பீமன் ஒரு ருத்ராட்சத்தைக் கீழே போட, அது சிவலிங்கமாகிறது. லிங்கத்தைக் கண்டபின் பூசை செய்யாமல் புருஷாமிருகத்தால் ஓரடி நகர முடியாது. குளித்து, அர்ச்சித்து, வணங்கி முடிப்பதற்குள் பீமன் எட்டிப்போய்விடுவான். மறுபடி "கோவிந்தா, கோபாலா", மறுபடி துரத்தல். இப்படிப் பன்னிரண்டு தடவை. கடைசி ருத்ராட்சம் திருநட்டாலத்தில் விழுகிறது. அங்கே பீமனின் ஒரு கால் புருஷாமிருகத்தின் எல்லைக்குள்ளும் மறு கால் வெளியிலும் இருக்கும்போது அது பிடித்துவிடுகிறது. எல்லையைத் தாண்டிவிட்டேன் என்கிறான் பீமன், தாண்டவில்லை என்கிறது அது. வழக்கு தருமரிடம் போகிறது. தம்பி என்று பார்க்காமல் தருமர் தீர்ப்புச் சொல்கிறார்: எல்லைக்குள் இருந்த பாதி உடல் புருஷாமிருகத்துக்கு.

அந்தத் தீர்ப்பைக் கேட்டுப் புருஷாமிருகம் மனம் குளிர்ந்து பீமனை விட்டுவிடுகிறது. அரியும் அரனும் ஒன்று என்பது இரண்டு பேருக்கும் விளங்குகிறது. திருநட்டாலத்தில் மகாதேவர் கோயிலோடு சங்கரநாராயணர் கோயிலும் இருக்கிறது இல்லையா? ஓட்டம் அங்கே முடிவது அதனால்தான்.

வியாச பாரதத்தில் இந்தக் கதை கிடையாது. தென்னாட்டு மக்கள் வாய்மொழியாகச் சொல்லிச் சொல்லி வளர்த்தெடுத்த பாரதம் இது. குமரி மாவட்டக்காரர்கள் இதைக் கேட்டதோடு விடவில்லை. பழைய விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களின் மண்ணில் பதித்துவிட்டார்கள். திருமலை, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, திருநட்டாலம். தெற்கே புதுக்கடைப் பக்கம் தொடங்கி, மலையடிவாரம் வரை ஏறி, பத்மநாபபுரம் தக்கலை வழியாக இறங்கி, மறுபடி மேற்கே திரும்பும் பாதை. நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும்.

இப்போது பையனின் கேள்விக்கு வருகிறேன். பீமன் அப்படிச் சொன்னான், அதனால் நாமும் சொல்கிறோம் என்று முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. ஓடுகிறவர்களை, அதாவது கோவிந்தன்மாரை, கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். வழியில் ஓடும்போது அவர்கள் வாயில் பீமனின் குரல். ஒருவர் "கோவிந்தா" என்பார், பின்னால் வருபவர்கள் "கோபாலா" என்று ஏற்றுக்கொள்வார்கள். கோயிலுக்கு வந்ததும் என்ன செய்கிறார்கள்? குளத்திலோ ஆற்றிலோ முங்கி, ஈர வேட்டியோடு உள்ளே போய், லிங்கத்தின் முன் நின்று கும்பிடுகிறார்கள். இதைச் செய்தது பீமன் கிடையாது, புருஷாமிருகம். பீமன் எந்த இடத்திலும் நின்று பூசை செய்யவில்லை, தப்பித்தால் போதும் என்று ஓடினான். ஆகவே சாலயம் ஓடுகிறவர் துரத்தப்பட்டவனாகவும் துரத்தியவனாகவும் ஒரே ஆளாக இருக்கிறார். ஓடும்போது ஒருவன், நிற்கும்போது மற்றவன். ஒன்றையொன்று பார்த்தாலே ஆகாது என்றிருந்த இரண்டு பக்திகளை ஒரே உடம்பில் ஏற்றி ஒரு ராத்திரியும் ஒரு பகலும் சுமக்க வைத்திருக்கிறார்கள் நம் முன்னோர்கள். சைவ வைணவச் சண்டைக்கு எத்தனையோ பண்டிதர்கள் சமாதானம் எழுதியிருக்கிறார்கள். எழுத்து வாசிக்கத் தெரியாத ஒரு விவசாயியும் தன் காலாலேயே புரிந்துகொள்ளும்படி அதைச் செய்தவர்கள் இந்தப் பக்கத்து மக்கள்தான். எனக்கு அதில் பெரிய பெருமை உண்டு.

சுசீந்திரத்தில் சிவன், விஷ்ணு, பிரம்மா மூவரும் தாணுமாலயனாக ஒரே சந்நிதியில் இருக்கிறார்கள். ஓட்டப்பாதைக்குக் கொஞ்சம் தள்ளித் திருவட்டாற்றில் ஆதிகேசவப் பெருமாள் படுத்திருக்கிறார். இந்த ஊர்க்காரர்களுக்கு இரண்டு பக்கமும் சொந்தம்.

அந்த ராத்திரியைப் பற்றியும் சொல்லவேண்டும். சிவராத்திரிக்கு முதல் நாளே திருமலையில் ஓட்டம் தொடங்கிவிடும். காவி உடுத்து, இடுப்பில் திருநீறும் சில்லறையும் வைத்த சின்னப் பை, கையில் பனையோலை விசிறி, வெறும் கால். அருமனை, களியல் தாண்டும்போது இருட்டிவிடும். இரண்டு பக்கமும் ரப்பர் தோட்டம். மாசிக்குள் ரப்பர் மரம் இலை உதிர்த்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். காய்ந்த இலை ரோட்டோரம் முழுக்கக் கிடக்கும். நூற்றுக்கணக்கான வெறுங்கால்கள் அதை மிதித்துக்கொண்டு போகும் சத்தம், ஆட்கள் கண்ணில் படுவதற்கு முன்பே வந்துவிடும். திற்பரப்பில் அந்த நேரத்தில் கோதையாற்றுத் தண்ணீர் எலும்பைத் தொடும். குளித்துவிட்டு மறுபடி ஓடினால் உடம்பு சூடாகும், அடுத்த கோயிலில் மறுபடி முங்கவேண்டும். ஈர வேட்டி உரசி உரசித் தொடையிடுக்கு புண்ணாகிவிடும். அனுபவப்பட்டவர்கள் முதல் கோயிலிலேயே தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார்கள். விடியும்போது காலில் வலி என்று தனியாக ஒன்று தெரியாது, கால் முழுதும் அதுதான். பகலில் தார் ரோடு சுடும். வழியெல்லாம் வீட்டு வாசல்களில் சுக்குத் தண்ணீரும் மோரும் கஞ்சியும் வைத்துக்கொண்டு நிற்பவர்கள் இல்லையென்றால் பாதிப்பேர் போய்ச் சேரமாட்டார்கள். உங்கள் வீட்டுத் திண்ணையிலும் ஒரு அண்டா இருந்திருக்கும்.

அந்த விசிறி எதற்கு என்று பையன் கேட்கவில்லையா? அடுத்த தடவை கோயிலுக்குள் கூட்டிப்போய்க் காட்டுங்கள். வேர்த்து விறுவிறுத்து, மூச்சு வாங்க, நிற்கவே முடியாமல் ஒருவர் நடைக்கு முன் வந்து நிற்பார். அந்த நேரத்தில் காற்று தேவைப்படுவது அவருக்கு. அவரோ விசிறியைக் கருவறைப் பக்கம் நீட்டிச் சாமிக்கு வீசுவார். நாலைந்து வீச்சுதான். பின்னால் வருகிறவருக்கு இடம்விட்டு நகர்ந்துவிடுவார். திருவிழாவின் அர்த்தம் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

சரி, சித்தப்பாவும் மச்சானும்.

நான் முக்கால்வாசி சித்தப்பா கட்சி. வண்டியில் போனால் புண்ணியம் குறையும் என்பதற்காக இல்லை. வயதானவர்கள், நோயாளிகள், கைக்குழந்தைக்காரர்கள் வேறு எப்படிப் போவார்கள்? முன்பு ஆண்கள் மட்டுமே ஓடினார்கள். இப்போது பெண்களும் நடந்தும் வண்டியிலும் வருகிறார்கள், அதுவும் நல்லதுதான். எனக்கு வருத்தம் வேறு இடத்தில். காரில் போகிறவர் பெரும்பாலும் எங்குமே நிற்பதில்லை. எஞ்சினை அணைக்காமல் ஒருவர் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் இறங்கி, வரிசையில் முண்டி, ஒரு கும்பிடு, ஒரு செல்ஃபி, "அடுத்தது பொன்மனை, சீக்கிரம்". பீமனிடம் இருந்த அவசரம் மட்டும் மிஞ்சி, புருஷாமிருகம் காணாமல் போய்விட்டது. கதையில் லிங்கத்துக்காகக் கிடைத்த இரையையே கைவிட்டு நின்றது அதுதானே? பன்னிரண்டு இடத்திலும் நின்று கும்பிட்டது அது ஒன்றுதான். திருநந்திக்கரையில் மலையைக் குடைந்த பழைய குகைக்கோயில் இருக்கிறது, சுவரில் ஓவியத்தின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டும் உண்டு. திருவிதாங்கோடு ஒரு பெரிய ராஜ்ஜியத்துக்கே பெயர் கொடுத்த ஊர். இதையெல்லாம் ஜன்னல் வழியாகத் தாண்டிப்போவது எனக்கு மனசு கேட்பதில்லை.

இதைவிடக் கோபம் வருவது இன்னொன்றில். ராத்திரி ஓடுகிற கூட்டத்துக்கு நடுவில் ஹாரன் அடித்துக்கொண்டு பைக் ஓட்டும் பையன்கள். வெறுங்காலோடு, தூக்கக் கலக்கத்தோடு வருகிறவர்களை ஓரத்துச் சல்லியில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பாதை ஒரு நாள் ஓடுகிறவர்களுக்குச் சொந்தமாக இருக்கட்டும். மோர் குடித்த பிளாஸ்டிக் கப்பைக் குளத்தங்கரையில் போடுவதும் அப்படித்தான். அடுத்து வருகிறவர் அந்தக் குளத்தில்தான் முங்கவேண்டும். குளம் கெட்டுப்போனால் சாலயத்தில் பாதி போயிற்று. மோர்ப்பந்தல் போடுகிறவர்கள் எவர்சில்வர் டம்ளர் வைத்து, கழுவ ஒரு ஆளையும் நிறுத்தினால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

உங்களுக்கு என் யோசனை இது. முட்டிவலியோடு முழுத் தூரமும் வேண்டாம். சிவராத்திரிப் பகலில் கல்குளம் நீலகண்டசுவாமி கோயிலில் தொடங்குங்கள். தெப்பக்குளத்தில் பையனைக் குளிக்க வையுங்கள், பக்கத்திலேயே இருங்கள், படி வழுக்கும். அங்கிருந்து மேலாங்கோடு கொஞ்ச தூரம்தான், நடக்கலாம். மேலாங்கோடு என்றாலே எங்கள் காலத்துப் பிள்ளைகளுக்கு யட்சி ஞாபகம் வந்துவிடும். யட்சிகளுக்கும் அங்கே கோயில் இருக்கிறது. அந்தக் கதையையும் நடந்துகொண்டே சொல்லலாம். கால் ஒத்துழைத்தால் திருவிடைக்கோடு வரைக்கும் நடங்கள். பையன் "கோவிந்தா" என்று ஆரம்பிக்கட்டும், நீங்கள் "கோபாலா" என்று வாங்கிக்கொள்ளுங்கள். மீதிக் கோயில்களுக்கு வண்டியில் போவதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் ஒவ்வொரு இடத்திலும் இறங்கி, காலையாவது கழுவி, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள். பன்னிரண்டும் முடியவில்லையென்றால் விட்டுவிடுங்கள், திருநட்டாலத்துக்கு மட்டும் எப்படியாவது போய்விடுங்கள்.

வண்டியை மச்சான் ஓட்டட்டும். சித்தப்பாவையும் முன்சீட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள். எந்த ஊரில் எந்தப் படித்துறையில் இறங்கவேண்டும், எங்கே யார் வீட்டில் கஞ்சி கிடைக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். விசிறியை முதல் நாளே வாங்கி வைத்துவிடுங்கள், பையனுக்கும் சேர்த்து.

அன்புடன்