வொய்ச்செஹ் என்ற போலந்துப் பெயருக்கு என்ன பொருள்?

உடன் வேலை பார்க்கும் போலந்துக்காரரின் பெயர் வொய்ச்செஹ், அதை எப்படிச் சொல்வது, என்ன பொருள், அங்கே பரவலான பெயர்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்புக்காக இரண்டு வருடம் போஸ்னான் நகரில் இருந்தேன். என் அறைத்தோழனுக்கும் இதே பெயர்தான்.

முதலில் உச்சரிப்பு. கடைசி எழுத்தை அழுத்தி 'க்' என்று முடிக்காதீர்கள். 'அஃது' என்று சொல்லும்போது ஆய்தம் தொண்டையில் உரசுமே, அந்த ஒலிக்குப் பக்கத்தில் வரும்.

பெயர் இரண்டு பழைய ஸ்லாவியச் சொற்களின் சேர்க்கை. 'வொய்' என்றால் போர்வீரன். போரைக் குறிக்கும் 'வொய்னா', படையைக் குறிக்கும் 'வொய்ஸ்கோ' எல்லாம் அதே வேர். 'செஹ்' மகிழ்ச்சி, ஆறுதல். இன்றும் பெற்றோர் பிள்ளையைச் செல்லமாக 'பொச்செஹா' என்பார்கள், 'ஆறுதல்' என்ற அதே சொல்தான். ஆகப் போரில் மகிழ்பவன் என்றும் கொள்ளலாம், வீரர்களுக்கு ஆறுதலானவன் என்றும் கொள்ளலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

அதற்குக் காரணம் இந்தப் பெயரைப் புகழ்பெறச் செய்த புனிதர். அவர் செக் நாட்டவர், பிராகா நகரின் ஆயர். ஞானஸ்நானத்துக்குப் பிறகு நம்பிக்கையை உறுதிப்படுத்தும் சடங்கான உறுதிப்பூசுதலின்போது தன் பேராயரின் பெயரை ஏற்றதால் வெளியுலகில் அடல்பெர்ட் என்று அறியப்படுகிறார். பால்டிக் கரையோரப் புருசியர்களிடம் ஆயுதமில்லாமல் மதம் பரப்பப் போய் 997 ஏப்ரல் 23 அன்று கொல்லப்பட்டார். போலந்தை ஆண்ட பொலெஸ்வாவ் அவர் உடலை எடைக்கு எடை தங்கம் கொடுத்து மீட்டதாக மரபு. போலந்தின் கினியெஸ்னோ நகரப் பேராலயத்தில் 12ஆம் நூற்றாண்டு வெண்கலக் கதவு ஒன்று இருக்கிறது. இடப்பக்கம் கீழிருந்து மேலே, வலப்பக்கம் மேலிருந்து கீழே, 18 காட்சிகளில் அவர் வாழ்க்கை முழுவதும் அதில் இருக்கிறது. தராசு பிடித்து உடலை மீட்கும் காட்சியின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன்.

16ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு ஞானஸ்நானத்துக்குப் புனிதர் பெயரே வேண்டும் என்று திருச்சபை வலியுறுத்தியபோது பழைய ஸ்லாவியப் பெயர்கள் பல மங்கிப்போயின. இந்தப் பெயர் தப்பியது அவரால்தான்.

இன்று பெரியவர்களிடையே மிகச் சாதாரணமாகக் கேட்கும் பெயர் இது. ஜெனரல் யாருசெல்ஸ்கி, இசையமைப்பாளர் கிலார், கோல்கீப்பர் ஷ்செஸ்னி மூவருமே வொய்ச்செஹ்தான். பிறக்கும் குழந்தைகளுக்கு இப்போது அந்தோனி, நிகோடெம், யான் போன்றவைதான் முன்னால் நிற்கின்றன. ஆனாலும் இது வழக்கொழியவில்லை.

செல்லப்பெயர் வொய்ட்டெக். 1942இல் ஈரானில் போலந்து வீரர்கள் வாங்கி வளர்த்த கரடிக்குட்டிக்கும் இதையே வைத்தார்கள். கப்பலில் இத்தாலிக்குக் கூட்டிப்போக அதைச் சிப்பாயாகவே பதிவு செய்தார்கள். மோன்டே கசினோ போரில் அது குண்டுப் பெட்டிகளைச் சுமந்தது என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். 1963இல் எடின்பரோ மிருகக்காட்சிசாலையில் இறந்தது.

அப்புறம் ஒன்று. ஏப்ரல் 23 இந்தப் பெயருக்கான நாள். அங்கே பெயர்நாளும் பிறந்தநாள் மாதிரிதான், என் தோழன் அன்று கேக் வாங்கி வருவான். நீங்கள் மறக்காமல் வாழ்த்துச் சொல்லுங்கள். நாம் கண்ணனைக் 'கண்ணா' என்று விளிப்பதுபோல அவர்களுக்கும் விளிவேற்றுமை உண்டு: நெருக்கமானவர் என்றால் 'வொய்ட்கு', மரியாதையாக என்றால் 'பானியே வொய்ச்செஹு'.