குதிக்கப் பிடிச்சுதான் போனேன், இப்ப ஏன் வயித்தக் கலக்குது?

கேள்வி: அக்கா, நான் துபாய்ல வேலை பாக்குறேன். இன்ஸ்ட்ரக்டரோட சேத்துக் கட்டிகிட்டு குதிக்கிற டேண்டம் ஜம்ப் பண்ணப்ப அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு, அதான் பிளேன்லேந்து பேராசூட்ல குதிக்கிற ஸ்கைடைவிங்க கத்துக்கவே சேந்தேன். தனியா குதிக்கச் சொல்லித்தர்ற ஏஎஃப்எஃப் பயிற்சி முடிச்சு இப்ப 14 ஜம்ப் ஆச்சு, ஆனா முந்தின ராத்திரியே தூக்கம் போயிடுது, காத்துல உடம்பு ஆடுது, ரெண்டு ஜம்ப்ல டாஸ்க், அதாவது காத்துல செஞ்சு காட்டச் சொன்ன பயிற்சி, ஃபெயில். விட்டுடலாமா?
- ஒரு வாசகி, துபாய்

பதில்: விடாதம்மா, இப்போதைக்கு விடாத. டேண்டம்ல எல்லாப் பொறுப்பும் பின்னாடி கட்டியிருந்தவர் தலையில, நீ வேடிக்கை மட்டும் பாத்த, இப்ப உயரம் பாக்கணும் திரும்பணும் சரியான நேரத்துல பேராசூட்ட இழுக்கணும்னு எல்லாமே உன் கையில இருக்கு, ஸ்கைடைவிங்ல முதல் லைசென்ஸான ஏ லைசென்ஸுக்கு 25 ஜம்ப் வேணுங்கிற கணக்கு வேற மண்டைக்குள்ள ஓடுது, அதனால ஒவ்வொரு ஜம்ப்பும் உனக்குப் பரீட்சை ஆயிடுச்சு.

உடம்பு ஆடுறதுக்குக் காரணம் பெரும்பாலும் விறைப்புதான். மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்துல கீழ இருந்து காத்து தள்ளும்போது கை காலை மரக்கட்டையா வச்சா ஆடத்தான் செய்யும். எனக்கு ஒன்பதாவது ஜம்ப்ல இதேதான், அப்புறம் வீடியோவ பாத்தா பல்லக் கடிச்சுகிட்டு, கன்னம் இறுகி, மூச்சையே புடிச்சு வச்சிருக்கேன். இன்ஸ்ட்ரக்டர் சொன்னது ஒண்ணே ஒண்ணு, கதவத் தாண்டினதும் வாயால ஊஃப்னு மூச்ச விடு, இடுப்ப முன்னாடி தள்ளு. மூச்சு வெளிய போனா தோள் தானா எறங்கும்மா, நெஜமா. பிளேன் மேல ஏறும்போதே இத ஆரம்பிச்சிடு, கண்ண மூடி முழு ஜம்ப்பையும் ஒருதடவ மனசுல ஓட்டிப் பாரு.

அடுத்த தடவ இன்ஸ்ட்ரக்டர்கிட்ட மறைக்காம பேசு, "பயமா இருக்கு, டாஸ்க் இல்லாம ஒரு ஜம்ப் வேணும்"னு கேளு. இத கேக்குறதுல ஒரு கொறச்சலும் இல்ல. 13,000 அடியில குதிச்சு 5,000ல விரிக்கிறன்னா கையில கிட்டத்தட்ட 50 செகண்ட் இருக்கு, அதுல உயரம் காட்டுற ஆல்டிமீட்டர அடிக்கடி பாக்குறதையும் நேரத்துக்கு இழுக்குறதையும் மட்டும் விடவே கூடாது, மத்தபடி தொடுவானத்தப் பாத்துகிட்டு சும்மா விழு. அன்னைக்கி மனசு ஒத்துக்கலன்னா பிளேன்லயே எறங்கி வந்துடு, அதுல அவமானமே இல்ல.

இன்னொண்ணு, கேனபி, அதான் பேராசூட் துணி, விரிஞ்சப்புறம் வர்ற நேரத்த நம்மள்ல நெறைய பேரு வீணாக்குறோம். சரியா விரிஞ்சிருக்கா, பக்கத்துல யாரு வர்றாங்க, எறங்குற எடம் எங்கன்னு பாத்தாச்சுன்னா, 1,000 அடியில லேண்டிங் வேலைய ஆரம்பிக்கிற வரைக்கும் சில நிமிஷம் உன்னோடது. காத்தோட இரைச்சல் சட்டுனு அடங்கியிருக்கும். திருப்புறதுக்கு இருக்குற கைப்பிடியில, அதான் டாகிள்ல, இடது பக்கத்த மெதுவா இழுத்துப் பாரு, பாலைவனம் மொத்தமும் உன்னச் சுத்தித் திரும்பும், தரை நெருங்கும்போது மணல்ல உன் கேனபியோட நெழல் ஓடி வரும். டேண்டம்ல பாத்த அதே வானம்தான்மா, இந்தத் தடவ நீயே ஓட்டுற.

15வது ஜம்ப் முடிஞ்சதும் எனக்கு எழுது, டாஸ்க் பாஸா ஃபெயிலா எனக்கு வேணாம், என்னல்லாம் பாத்தேன்னு மட்டும் எழுது.